ஒரு வால்மீன் கிடைத்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

வால்மீன் என்றதும் நம் மனதில் வருவது வால்தான். ஆனால் புதிதாக ஒரு வால்மீன் கண்ணில் படும்போது பெரும்பாலும் அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி வால் இருக்காது. சூரியனிலிருந்து வெகு தூரத்தில், நட்சத்திரங்களுக்கு நடுவே, கொஞ்சம் கலங்கலாக ஒரு புள்ளி. அவ்வளவுதான். அந்தப் புள்ளியை ஒருவர் பார்த்துவிட்டதாலேயே வால்மீன் கிடைத்துவிட்டது என்று ஆகிவிடாது. அடுத்த இரவும், அதற்கடுத்த இரவும் அதைத் தேடிப் பிடித்து, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால்தான் உண்டு. இல்லையென்றால் அது வந்த சுவடே தெரியாமல் போய்விடும். அப்படிப் போனவை உண்டு. அதில் ஒன்று சென்னையிலேயே நடந்தது. அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதெல்லாம் தூரத்து விஷயம் இல்லை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்கே இருக்கும் வான் ஆய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயர். இன்றைக்கு அது திருப்பத்தூர் மாவட்டம். ஆய்வகம் தொடங்கிய 1960-களில் எல்லாமே வட ஆற்காடு. அந்த ஆய்வகத்தைக் கட்டி எழுப்பிய பாப்பு, மாணவராக இருந்தபோது ஒரு வால்மீனுக்குத் தன் பெயரைக் கொடுத்தவர். அந்தக் கதையும் வரும்.

முதலில், வால்மீன் என்றால் என்ன?

பனி, தூசி, கல் எல்லாம் கலந்த ஒரு கட்டி. பெரும்பாலும் சில கிலோமீட்டர் அளவுதான். ஹாலி வால்மீனின் கட்டி சுமார் 15 கிலோமீட்டர் நீளம். 1986 மார்ச்சில் ஜியோட்டோ விண்கலம் அதன் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தபோதுதான் அது எவ்வளவு கறுப்பு என்று தெரிந்தது. மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் நான்கு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. இவ்வளவு சின்னதாக, இவ்வளவு கறுப்பாக இருக்கும் ஒன்று தூரத்தில் இருக்கும்போது நமக்குத் தெரியாததில் வியப்பில்லை.

சூரியனை நெருங்க நெருங்க அந்தப் பனி சூடாகி நேராக ஆவியாகிறது. ஆவியோடு தூசியும் கிளம்பி, கட்டியைச் சுற்றி ஒரு மங்கலான மூட்டமாகப் பரவுகிறது. அதைக் கோமா என்கிறார்கள். கலங்கலான புள்ளியாக நாம் பார்ப்பது இந்தக் கோமாவைத்தான். அப்புறம்தான் வால். தூசியைச் சூரிய ஒளி தள்ளுகிறது. மின்னேற்றம் பெற்ற வாயுவைச் சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள்களின் ஓட்டம், தள்ளுகிறது. அதனால் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் இருக்கும். சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும் வால்மீனுக்கு வால் முன்னால் போகும், தலை பின்னால் வரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வால்மீன் விர்ரென்று வானத்தைக் கடந்து போகாது. அப்படிப் போவது எரிநட்சத்திரம். ஒரு நொடியில் முடிந்துவிடும். வால்மீன் மணிக்கணக்கில் அதே இடத்தில் நிற்பது போலத்தான் இருக்கும். மற்ற நட்சத்திரங்களோடு சேர்ந்து உதிக்கும், சேர்ந்து மறையும். அது நகர்வதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடும்.

நகர்கிறதா என்பதுதான் கேள்வி

ராத்திரி நேரத்தில் பொன்னேரி கூட்டுரோட்டில் நின்று ஏலகிரி மலையைப் பார்த்திருக்கிறீர்களா? இருட்டு மலையில் அங்கங்கே விளக்குப் புள்ளிகள். அதில் எது வீட்டு விளக்கு, எது மலையேறும் வண்டியின் ஹெட்லைட் என்று ஒரு பார்வையில் சொல்ல முடியாது. கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்று மட்டும் இடம் மாறும். இரண்டு மூன்று தடவை அது எங்கே இருந்தது என்று மனதில் குறித்துக்கொண்டால், எந்த வளைவில் இருக்கிறது, அடுத்து எந்தப் பக்கம் தலைகாட்டும் என்று கூடச் சொல்லிவிடலாம். வால்மீன் தேடுகிறவர்கள் செய்வது முழுக்க இதுதான். அவர்களுக்கு வீட்டு விளக்குகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

கலங்கலாகத் தெரிவதெல்லாம் வால்மீனும் இல்லை. நெபுலாக்கள் என்ற வாயு, தூசி மேகங்களும், நட்சத்திரக் கொத்துகளும், தூரத்து விண்மீன் மண்டலங்களும் சின்னத் தொலைநோக்கியில் அச்சு அசலாக அப்படித்தான் தெரியும். பிரான்ஸில் சார்ல் மெஸ்ஸியே என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் வால்மீன் தேடியபோது இவற்றிடம் திரும்பத் திரும்ப ஏமாறினார். அதனால் நகராத கலங்கல்களை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதி வைத்தார். இன்று வானம் பார்க்கக் கற்றுக்கொள்ளும் எவரும் முதலில் கையில் எடுப்பது அந்தப் பட்டியலைத்தான்.

ஒளிப்படம் வந்த பிறகு வேலை மாறியது. வானத்தின் ஒரே பகுதியைக் கண்ணாடித் தட்டில் வேறு வேறு நேரங்களில் படம் எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நட்சத்திரங்கள் அசையாது, நகரும் பொருள் மட்டும் இங்கும் அங்கும் தாவும். 1949-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த வைணு பாப்புவுக்கு 22 வயது கூட நிறையவில்லை. அந்த ஆண்டு ஜூலை 2 அன்று எடுத்த தட்டு ஒன்றில் அவருக்கு ஒரு புதிய பொருள் தென்பட்டது. அவருடைய பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகர்க் இருவரும் அதை உறுதிப்படுத்துவதில் சேர்ந்துகொண்டார்கள். பாப்பு–போக்–நியூகர்க் வால்மீன் என்று பெயர் ஆயிற்று. பசிபிக் வானியல் கழகம் அவருக்கு டோனோஹோ வால்மீன் பதக்கம் கொடுத்தது. அப்புறம் அவர் இந்தியா திரும்பி, 1960-இல் கோடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்று, தென் வானம் நன்றாகத் தெரியும் இடத்தைத் தேடிக் காவலூருக்கு வந்து சேர்ந்தது தனிக் கதை.

என்னைக் கேட்டால், இந்த வேலையின் சாரத்தை இதைவிட நன்றாகக் காட்டும் கதை ஒன்று உண்டு. 1969 செப்டம்பரில் கஜகஸ்தானின் அல்மா-அட்டாவில் ஸ்வெட்லானா கெராசிமென்கோ என்ற வானியலாளர் ஏற்கெனவே தெரிந்த ஒரு வால்மீனைப் படம் எடுத்தார். கோமாஸ் சோலா என்று அதற்குப் பெயர். தட்டில் வால்மீன் ஒன்று தெளிவாக விழுந்திருந்தது. தேடியதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் கீவில் கிளிம் சூர்யுமோவ் அதே தட்டை நுணுக்கமாக அளந்தபோது, கோமாஸ் சோலா இருக்க வேண்டிய இடத்துக்கும் தட்டில் இருந்த பொருளுக்கும் கிட்டத்தட்ட 2 டிகிரி வித்தியாசம் வந்தது. வானத்தில் நான்கு முழுநிலவை வரிசையாக வைத்த அளவு. கணக்கு இவ்வளவு தப்பாது. அப்படியென்றால் இது வேறு வால்மீன். 2014-இல் ரொசெட்டா விண்கலம் பிலே என்ற சிறு கலத்தை எந்த வால்மீன் மேல் இறக்கியதோ, அது இதுதான். பார்த்த அன்று கண்டுபிடிக்கவில்லை. அளந்த அன்றுதான் கண்டுபிடித்தார்கள்.

இரண்டு விடியற்காலை போதவில்லை

அளப்பது என்றால் என்ன? பூமியில் ஓர் இடத்தைச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகை இருப்பது போல வானத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. படத்தில் வால்மீனைச் சுற்றி இருக்கும் நட்சத்திரங்களின் இடம் ஏற்கெனவே துல்லியமாகத் தெரியும். அவற்றிலிருந்து வால்மீன் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து அதன் இரண்டு எண்களையும் எழுதுவார்கள். ஒரு டிகிரியை 3600 பங்காக்கி, அதில் ஒரு பங்கு அளவுக்கோ அதைவிட நுணுக்கமாகவோ. கூடவே, படம் எடுத்த நேரம். நேரம் தப்பினால் இடம் தப்பும்.

இதில் ஒரு குறை இருக்கிறது. இந்த இரண்டு எண்களும் வால்மீன் எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. சூரியனைச் சுற்றும் ஒரு பாதையை முழுவதுமாகச் சொல்ல ஆறு எண்கள் தேவை. ஒரு முறை பார்த்தால் இரண்டு எண் கிடைக்கும். அப்படியானால் குறைந்தது மூன்று முறை, போதிய இடைவெளி விட்டுப் பார்த்தாக வேண்டும். 1801-இல் சீரஸ் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்துத் தொலைத்துவிட்டார்கள். கார்ல் கௌஸ் என்ற கணித மேதை கிடைத்த சில அளவுகளை வைத்தே அதன் பாதையைக் கணக்கிட்டு, எங்கே தேட வேண்டும் என்று சொன்னார். அங்கேயே கிடைத்தது. வால்மீன்களுக்கும் இதே கணக்குத்தான்.

இப்போது சென்னைக் கதைக்கு வரலாம். பீலா என்று ஒரு வால்மீன் இருந்தது. 1846-இல் வந்தபோது இரண்டாக உடைந்தது. 1852-இல் இரண்டு துண்டும் வந்தன. அப்புறம் காணவில்லை. 1872 நவம்பர் 27 அன்று ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. பீலாவின் தூசியைப் பூமி கடக்கிறது என்று ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் புரிந்துகொண்டார். அப்படியானால் வால்மீனே பூமியை உரசிவிட்டுத் தென் வானத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று நினைத்தார். அந்த இடம் ஐரோப்பாவிலிருந்து சரியாகத் தெரியாது. சென்னை ஆய்வகத்தில் நார்மன் போக்சன் இருந்தார். அவருக்குத் தந்தி பறந்தது: பீலா பூமியைத் தொட்டது, சென்டாரஸ் விண்மீன் குழுவில் தீட்டா நட்சத்திரத்தின் பக்கம் தேடுங்கள்.

டிசம்பர் முதல் வாரம். சென்னையில் அது எப்படிப்பட்ட காலம் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்? வடகிழக்குப் பருவமழை. மேகம் விலகிய விடியற்காலை ஒன்றில் போக்சன் தேடினார். சொன்ன இடத்தின் பக்கத்திலேயே ஒரு வால்மீன் இருந்தது. மறுநாள் விடியலிலும் பார்த்தார்; மங்கலாக ஒரு சிறு வாலும் தெரிந்தது. அதோடு வானம் மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தபோது வால்மீன் இல்லை.

இரண்டு விடியற்காலை. நான்கு எண்கள். ஆறு தேவைப்பட்ட இடத்தில் நான்கு. அந்த வால்மீனின் பாதையை இன்று வரை எவராலும் கணக்கிட முடியவில்லை. அது பீலாவாக இருக்க முடியாது என்று மட்டும் பின்னால் தெரிந்தது. பீலா அப்போது அந்த இடத்தில் இருக்க வழியே இல்லை. அப்படியென்றால் போக்சன் பார்த்தது தேடிப் போன வால்மீனை இல்லை, தற்செயலாக அங்கே இருந்த வேறொன்றை! பாதை தெரியாத வால்மீன்களுக்கான 'எக்ஸ்' என்ற எழுத்தோடு அது இன்றும் பட்டியலில் கிடக்கிறது. இன்னும் ஒரே ஒரு விடியற்காலை மேகம் விலகியிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இது அந்தக் காலத்துச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. 2024-இல் நாம் எல்லோரும் பார்த்த சூச்சின்ஷான்–அட்லஸ் வால்மீனுக்கும் கிட்டத்தட்ட இதே கதி நேர்ந்திருக்கும். 2023 ஜனவரி 9 அன்று சீனாவின் ஊதா மலை ஆய்வகம் அதைக் கண்டது. தகவல் சர்வதேச சிறுகோள் மையத்துக்குப் போய், உறுதிப்படுத்த வேண்டிய பொருள்களின் பட்டியலில் ஏறியது. வேறு எவரும் அதைத் தொடர்ந்து பார்த்துச் சொல்லவில்லை. தொலைந்துவிட்டது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிப்ரவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி புதிதாக ஒன்றைக் கண்டது. பாதையைக் கணக்கிட்டுப் பின்னோக்கிப் போனபோது ஜனவரியில் பார்த்ததும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. அதனால்தான் பெயரில் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

அந்த வால்மீனின் அதிகாரபூர்வக் குறியீடு சி/2023 ஏ3. 'சி' என்றால் சுற்றி வர நெடுங்காலம் பிடிக்கும் வால்மீன். ஹாலி போல அடிக்கடி திரும்புவதற்கு 'பி' (ஆங்கிலத்தில் P). அப்புறம் கண்டுபிடித்த ஆண்டு. 'ஏ' என்றால் ஜனவரி முதல் பாதி. இரண்டாம் பாதிக்கு 'பி' (இது B), பிப்ரவரி முதல் பாதிக்கு 'சி' என்று அரை மாதத்துக்கு ஓர் எழுத்து. கடைசி எண் அந்த அரை மாதத்தில் எத்தனையாவது என்பது. பாப்புவின் வால்மீன் சி/1949 என்1: ஜூலை முதல் பாதியில் முதலாவது.

ஆறு எண்கள் கையில் இருந்தால்

பாதை தெரிந்துவிட்டால் வால்மீன் எங்கே இருக்கும் என்று முன்னாலும் சொல்லலாம், பின்னாலும் சொல்லலாம். 1531, 1607, 1682 ஆண்டுகளில் வந்த மூன்று வால்மீன்களின் பாதையும் ஒத்துப்போவதை எட்மண்ட் ஹாலி கவனித்தார். மூன்றும் ஒன்றே, 1758 வாக்கில் திரும்பும் என்றார். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1758 கிறிஸ்துமஸ் இரவில் ஜெர்மனியில் பாலிட்ச் என்ற விவசாயி அதை முதலில் பார்த்தார். வால்மீன் வந்தால் ராஜாவுக்கு ஆகாது, ஊருக்கு ஆகாது என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எப்போது வரும் என்று தெரியாததுதான் அந்தப் பயத்துக்கு வேர். ஹாலி அடுத்து 2061-இல் வரும் என்று இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடச் சொல்லிக்கொடுக்க முடிகிறது.

அந்த ஆறு எண்களில் ஒன்று, பாதை எவ்வளவு நீண்டு இழுபட்டிருக்கிறது என்று சொல்லும். வட்டத்துக்கு அது 0. நீள்வட்டத்துக்கு 1-க்குள். 1-ஐ நன்றாகத் தாண்டிவிட்டால் அந்தப் பொருள் சூரியக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. எங்கிருந்தோ வந்து ஒரு தடவை சுற்றிவிட்டுப் போய்விடும். 2019 ஆகஸ்டில் கென்னாடி போரிசோவ் தானே செய்த தொலைநோக்கியில் பிடித்த வால்மீன் அப்படிப்பட்டது. 2025 ஜூலையில் அட்லஸ் கண்டதும் அப்படித்தான். படத்தைப் பார்த்து எவரும் இதைச் சொல்லவில்லை. அளந்து, கணக்குப் போட்டுத்தான் சொன்னார்கள்.

கணக்குப் போட்ட பிறகும் வால்மீனை விட்டுவிட முடியாது. கட்டியிலிருந்து பீறிடும் ஆவி அதையே கொஞ்சம் தள்ளிவிடும். அதனால் பாதை மெல்ல விலகும், புதிய அளவுகளை வைத்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். சிறுகோள்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. காவலூரில் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியை வைத்து ராஜமோகன் குழுவினர் நடத்திய, கல்கி என்ற சிறுகோள் தேடும் திட்டத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று கிடைத்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். 4130 என்ற எண்ணும் உண்டு. பாதை நன்றாக உறுதியான பிறகுதான் ஒரு சிறுகோளுக்கு எண் கொடுப்பார்கள்.

வேலூரிலிருந்து என்ன செய்யலாம்?

புதிய வால்மீன்களைப் பிடிப்பதில் இன்று தானியங்கித் தொலைநோக்கிகளுக்குத்தான் முதல் இடம். அவை ஒரே இடத்தை ஒரே இரவில் சில தடவை படம் எடுத்து, நகர்ந்ததைக் கணினியிலேயே கண்டுபிடித்துவிடும். பைனாகுலரோடு மொட்டை மாடியில் நின்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் ஒன்றைத் தொடர்ந்து பார்த்து, அதன் வெளிச்சம் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று எழுதும் வேலைக்கு இன்னும் ஆட்கள் தேவை. வால்மீன் எவ்வளவு பிரகாசமாகும் என்பதை இன்றும் எவராலும் சரியாக முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

சூரியனுக்கு அருகில் வரும்போதுதான் வால்மீன் பிரகாசமாகும் என்பதால், பொழுது சாய்ந்ததும் மேற்கிலோ விடியும் முன் கிழக்கிலோ அடிவானத்தை ஒட்டித்தான் தேட வேண்டியிருக்கும். வேலூரில் இதுதான் சிக்கல். ஊரைச் சுற்றிக் குன்றுகள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அந்த உயரத்துக்குள் இருக்கும் வால்மீனைக் குன்று மறைத்துவிடும். பாலாற்றுப் படுகையில் இறங்கினால் ஆறு போகும் போக்கில் பார்வை திறக்கும். ஆற்காடு தாண்டிக் காவேரிப்பாக்கம் பக்கம் போனால் தரை சமமாகி அடிவானம் நன்றாகக் கிடைக்கும். எங்கே போனாலும் பெங்களூரு நெடுஞ்சாலை விளக்குகளை முதுகுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்; தையிலிருந்து பங்குனி வரை வானம் நம் பக்கம். காவலூரில் பொதுமக்களும் போய்ப் பார்க்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். விசாரித்துவிட்டுப் போனால் பிள்ளைகளுக்கு 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கியைக் காட்டலாம்.

வெளிச்சத்தை மதிப்பிடும் முறை எளிது. 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்) போதும். முதலில் வால்மீனைத் தெளிவாக வைத்து, கோமா எவ்வளவு பெரிதாக, எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்து நட்சத்திரம் ஒன்றுக்குத் திரும்பி, ஃபோகஸ் திருகைத் திருப்பி அந்த நட்சத்திரத்தைக் கோமா அளவுக்குக் கலங்கலாக்குங்கள். இப்போது எது பிரகாசம்? வால்மீனைவிடக் கொஞ்சம் பிரகாசமான நட்சத்திரம் ஒன்று, கொஞ்சம் மங்கலானது ஒன்று கிடைத்துவிட்டால், ஸ்டெல்லேரியம் செயலியில் அவற்றின் ஒளியளவைப் பார்த்து வால்மீனின் அளவை இடையில் வைக்கலாம். ஒளியளவு எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று: ஒளியளவு 6 என்று போட்டிருந்தால் இருட்டில் வெறும் கண்ணுக்கே தெரிய வேண்டுமே என்று தோன்றும். நட்சத்திரத்துக்கு அது சரி. வால்மீனின் வெளிச்சம் பரந்து கிடப்பதால் அதே அளவில் தெரிவது கஷ்டம்.

பார்த்ததும் எழுதிவிடுங்கள். இடம், கருவி, ஒப்பிட்ட நட்சத்திரங்கள், நிலா இருந்ததா, அடிவானத்தில் மூட்டம் இருந்ததா. நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். வானியல் பதிவுகள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். அக்டோபர் 1 விடியற்காலை 4.50-க்குப் பார்த்தது பதிவில் செப்டம்பர் 30, 23.20 ஆகிவிடும். அதையும் நாளின் பின்னமாக மாற்றி 30.97 என்று எழுதுவது வழக்கம். கோப்ஸ் என்ற சர்வதேச வால்மீன் பதிவுத் தளத்தில் எவரும் பதிவு செய்துகொண்டு இந்த மதிப்பீடுகளை அனுப்பலாம். அடுத்த நாள் வானம் திறந்திருந்தால் அதே நட்சத்திரங்களை வைத்தே மறுபடி பாருங்கள். இரண்டு நாள் அளவையும் ஒப்பிட அதுதான் வசதி.